ஊஞ்சல் உத்தரத்துக்கு அஞ்சிய உத்தமருக்கு

சுவரைக் கண்டால் சுகம் விசாரிப்பவரே! தூணைக் கண்டால் துன்பம் கேட்பவரே! ஓடு ஒழுகுமுன் உள்ளம் ஒழுகியவரே! கறையானுக்குக் காலனே! கசிவுக்குக் கண்காணியே! அச்சமே அணிகலனாய், ஐயமே ஆயுதமாய், கொச்சி மட்டாஞ்சேரித் தமிழர் தர்ம சபையின் மராமத்துப் பிரிவை முப்பதாண்டுக்கும் மேலாக முறிந்து விழாமல் முட்டுக்கொடுத்து நிறுத்திய மூத்தவரே! எங்கள் ஓவர்சியர் திருமிகு விஸ்வேஸ்வரன் அவர்களே! வணக்கம்! எந்த வீட்டுக்குள் நுழையுமுன்னும் வாசல் நிலையைத் தட்டிப் பார்க்கும் தங்கள் விரல்களுக்கும் தனியாக ஒரு வணக்கம்!

வீரத்தைப் பாராட்டி மடல் வாசிப்பது உலகத்து வழக்கம். ஒழுக்கத்தைப் பாராட்டுவார்கள், உழைப்பைப் பாராட்டுவார்கள், ஒன்றுமே கிடைக்காவிட்டால் நேரந்தவறாமையைப் பாராட்டுவார்கள். பயத்தைப் பாராட்டி, ஓய்வுபெறும் நாளில் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுக்கிற முதல் மடல் இதுவாகத்தான் இருக்கும். அதற்கு நாங்கள் வெட்கப்படவில்லை. கேட்டு முடித்தபின் நீங்களும் வெட்கப்பட மாட்டீர்கள்.

ஆனால் ஒரு சங்கடம். முகத்துக்கு நேரே புகழ்ந்தால் தாங்கள் எழுந்து போய்விடுவீர்கள். போன பொங்கல் விழாவில் செயலாளர் தங்கள் பெயரைச் சொல்லி ஒரு வாக்கியம் பேசி முடிப்பதற்குள் சாயாக் கடையில் போய் நின்றவர் தாங்கள். ஆகையால் இனி ‘அவர்’ என்றே சொல்லப்போகிறோம். வேறு யாரோ ஒரு விஸ்வேஸ்வரனின் கதை என்று வைத்துக்கொண்டு, தயவுசெய்து நாற்காலியை விட்டு எழாமல் கேட்டருளுங்கள்.

அவருடைய பயம் சாதாரணப் பயமா என்ன? கல்யாண வீட்டுக்குப் போனால் மாப்பிள்ளையைப் பார்க்கமாட்டார், மச்சைத்தான் அண்ணாந்து பார்ப்பார். துக்க வீட்டுக்குப் போனால் கூடத்துச் சுவரில் உள்ளங்கையை வைத்து ஈரம் பார்த்துவிட்டுத்தான் துக்கம் கேட்பார். மழை பிடித்துக்கொண்டால் போதும், மனிதருக்குச் சோறு இறங்காது. பஜார் பக்கத்தில் மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘பேடித்தொண்டன்’. மலையாளத்தில் பேடி என்றால் பயம், பேடித்தொண்டன் என்றால் பயந்தாங்கொள்ளி. அவர் காதுபடவே சொல்வார்கள். அவரோ, “பேடிக்கறவன் வீடு விழாது, கேட்டேளா” என்று சிரித்துக்கொண்டே நடையைக் கட்டுவார்.

எங்கள் ஊர்க் கட்டடங்களில் பயப்படுவதற்கு என்ன குறைச்சல்? கீழே காயலோரத்து ஈர மண். அதன்மேல் செம்பாறையை வெட்டியெடுத்த வெட்டுக்கல் சுவர். வெட்டுக்கல்லுக்குத் தாகம் அதிகம். தரையிலிருந்தும் உறிஞ்சும், கூரை ஒழுகினால் மேலிருந்தும் குடிக்கும். பழங்காலத்தில் கட்டினவர்கள் அதற்குச் சுண்ணாம்புச் சாந்துதான் பூசினார்கள். குடித்த தண்ணீரை வெயில் நாளில் சுவர் அந்தச் சாந்து வழியாகவே வெளியே விட்டுவிடும். உப்புப் பூக்கும், சாந்து பொரிந்து உதிரும், பார்க்க அசிங்கமாக இருக்கும், ஆனால் சுவர் நிற்கும். எழுபதுகளில் வந்தது பாருங்கள் ஒரு சிமெண்டு மோகம்! பழைய சுவர் அத்தனைக்கும் வழவழவென்று சிமெண்டு பூசி, அதற்குமேல் பச்சையும் மஞ்சளுமாகப் பெயிண்டு அடித்தார்கள். உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் சுவருக்குள்ளேயே தங்கிவிட்டது.

அதில் அவர் மிகவும் பயந்தது மரத்துக்காக. தேக்கு உத்தரம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் கெடாது. எண்ணெய் தடவினதுபோல் மின்னிக்கொண்டிருக்கும். சுவருக்குள் செருகியிருக்கிறதே அந்த முனை, அதுதான் ஈரத்தில் ஊறி ஊறி, யாருக்கும் தெரியாமல் பொடியாகப் போகும். வெளியே ராஜா, உள்ளே ஒன்றுமில்லை. “நான் பாம்புக்குப் பேடிக்கலை, பிசாசுக்குப் பேடிக்கலை. கண்ணுல படாத அந்த ஒரு முழத்துக்குத்தான் பேடிக்கறேன்” என்று புதிதாக வேலைக்குச் சேரும் ஒவ்வொருவரிடமும் சொல்வார். நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம்.

அந்தப் பயமெல்லாம் ஒன்றாகத் திரண்டு அவர் வீட்டு வாசலிலேயே வந்து நின்ற நாள்தான் இன்று நாங்கள் சொல்ல வந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பது, ஆனி மாதம். அவருடைய ஒரே மகள் கங்காவின் கல்யாணம்.

சபைக்குச் சொந்தமான பழைய கட்டடம் அது. கீழே சுக்கு மண்டி, மேலே கல்யாண மண்டபம். அந்த மண்டபத்தின் நடு உத்தரத்தில் இரண்டு இரும்புக் கொக்கிகள் உண்டு. நம்மவர் கல்யாணத்தில் மாலை மாற்றினபின் பெண்ணையும் மாப்பிள்ளையையும் உட்காரவைத்து ஆட்டும் ஊஞ்சல் அதில்தான் தொங்கும். கூரைகள் இரண்டு சேரும் பள்ளம் அந்த உத்தரம் செருகின சுவருக்கு நேர் மேலே. பள்ளத்துத் தகரம் துருப்பிடித்து ஒழுகி, ஒட்டுப்போட்டு, மறுபடி ஒழுகிய கதை சபைக்கே தெரியும். சுவருக்குச் சிமெண்டு பூசியாகிவிட்டது. உத்தரத்துக்குக் கீழே மெல்லிய விரிசல் ஒன்றும் இறங்கியிருந்தது.

விரிசல் பழையதா, இன்னும் விரிகிறதா என்று அறிய அவர் செய்த ஏற்பாடு இந்த அவையில் பலர் பார்த்ததுதான். விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை இரண்டு பக்கமும் சாந்து வைத்து ஒட்டிவிடுவார். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடைந்துவிடும். அதற்கு அவர் வைத்த பெயர் சாட்சி. மண்டபத்துச் சுவரில் அந்தச் சாட்சி பல மழைக்காலம் தாண்டியும் முழுசாக இருந்தது. பார்க்கும்போதெல்லாம் முழுசாகத்தான் இருந்தது.

கல்யாணத்தை அங்கே வைக்கவேண்டாம் என்று அவர் தவித்த தவிப்பு கொஞ்சமல்ல. சுவரை உடைத்து உத்தரத்தின் முனையைப் பார்க்க அனுமதி கேட்டார். “ஓய், உம்ம சாட்சியே ஒண்ணுமில்லைங்கறதே, அப்பறம் எதுக்கு வெறுதே சுவரை இடிக்கணும்?” என்றார் அப்போதைய செயலாளர். சரி, வேறு இடம் பார்க்கலாம் என்று திருப்பூணித்துறைக்குப் போய்ச் சம்பந்தி வெங்கிடாசலத்திடம் மெல்ல வாயெடுத்தார். வெங்கிடாசலம் முறைகளில் ஒரு துளி குறையவிடாத மனிதர். “எங்காத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் அந்த மண்டபத்துலயாக்கும் ஊஞ்சல். பிடிக்கலைன்னா இப்பவே சொல்லிடுங்கோ” என்றார். பெண்ணைப் பெற்றவர் அதற்குமேல் என்ன பேச? உடையாத கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து மனசைத் தேற்றிக்கொண்டார்.

கல்யாணத்தன்று காலையில் மழை கொட்டியது. மண்டபம் நிரம்பி வழிந்தது. மாலை மாற்றியாயிற்று. கங்காவும் மாப்பிள்ளை சிவசங்கரனும் ஊஞ்சலில் உட்கார்ந்தாயிற்று. அவர் மனைவி மீனாக்ஷி பாட்டெடுத்துக் கொடுக்க, பெண்கள் கூடப் பாடிக்கொண்டே, திருஷ்டி கழிய வண்ணச் சோற்றுருண்டையாகிய பச்சைப்பிடி சுற்றிப் போட்டார்கள். எல்லாரும் பெண்ணையும் மாப்பிள்ளையையும் பார்த்துக்கொண்டிருக்க, பெண்ணின் தகப்பனார் மட்டும் வழக்கம்போலச் சுவரைப் பார்க்கப் போனார்.

கண்ணாடி முழுசாக இருந்தது. முழுசாக மட்டுமா, பளபளவென்று இருந்தது. அதில்தான் அவருக்குச் சுருக்கென்றது. மழைக்காலங்களைக் கண்ட கண்ணாடி இப்படியா மின்னும்? பாசி எங்கே, தூசி எங்கே? விரலால் சாந்தைத் தொட்டார். சாந்து இன்னும் காயவில்லை.

மண்டபக் காவல்காரர் நாணு அருகில்தான் நின்றுகொண்டிருந்தார். இன்று இந்த அவையில் முன்வரிசையில் இருக்கும் அதே நாணு அண்ணன். அண்ணனின் சம்மதத்தோடுதான் இதைச் சொல்கிறோம்.

“நாணு, இந்தக் கண்ணாடி?”

“நேத்திக்கு நானாக்கும் மாத்தி வச்சேன் அண்ணா. ஒடைஞ்ச கண்ணாடி கல்யாண மண்டபத்துல ஆகாதோன்னோ? அதுவும் நம்ம கங்கா கல்யாணம்!”

“இதுக்கு முன்னாடியும் ஒடைஞ்சுதா?”

“ஒவ்வொரு மழைக்கும் ஒடையும். கல்யாணம் வரச்சே எல்லாம் மாத்திடுவேன். அபசகுனமா ஒரு நாள்கூட விட்டதில்லை” என்றார் நாணு பெருமையாக.

சாட்சி சொல்லவேண்டிய வாயை நல்லெண்ணத்தால் ஒருவர் அடைத்துக்கொண்டே வந்திருக்கிறார்! சுவர் வருஷக்கணக்காக நகர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. அவர் அண்ணாந்து பார்த்தார். ஊஞ்சல் ஒவ்வொரு தடவை முன்னே போய்ப் பின்னே வரும்போதும், உத்தரம் சுவருக்குள் நுழையும் இடத்தில் காவி நிறத்தில் ஒரு பொடி மெல்ல உதிர்ந்தது. மரப்பொடி. அதற்குக் கீழே அவர் பெற்ற பெண் சிரித்துக்கொண்டிருந்தாள்.

கத்தியிருக்கலாம். நாங்களாயிருந்தால் கத்தியிருப்போம். ஆனால் கீழே இறங்க இருந்தது ஒரே மரப்படி, அதுவும் அந்தச் சுவரை ஒட்டியே. ‘ஓடுங்கோ’ என்று ஒரு குரல் கொடுத்தால் அத்தனை பேரும் அந்தப் பக்கமே பாய்வார்கள். பலகைத் தரை அதிரும். நிற்கிற உத்தரமும் அந்த அதிர்ச்சியில் இறங்கிவிடும். வாழ்நாளெல்லாம் வாய்விட்டுப் பயந்த மனிதருக்கு, பயத்தை ஒருத்தருக்கும் காட்டக்கூடாத வேளை வந்து வாய்த்தது.

நாணுவின் காதில் ஏதோ சொல்லித் தெருவுக்கு அனுப்பினார். சுவரோரமாக ஒரு கைவண்டியும் ஓர் ஆளும் போகாமல் தடுக்கச் சொல்லித்தான். நாணு குடைகூட எடுக்காமல் ஓடினார். அவரோ சிரித்த முகத்தோடு ஊஞ்சலண்டை போய், ஆசீர்வாதம் செய்வதுபோல் ஒரு கையால் சங்கிலியைப் பிடித்து நிறுத்தினார்.

“கங்கா, கொஞ்ச நேரம் ஆடாம உக்காரு. மாப்பிள்ளை, நீங்களும்தான். போட்டோவுக்கு.”

மனைவியிடம் குனிந்து, “நீ பாட்டை நிறுத்தாதே, என்ன ஆனாலும்” என்றார். மீனாக்ஷி அவர் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். அடுத்த பாட்டை எடுத்தாள்.

பிறகு அவர் செய்ததை இன்றும் நினைத்து நினைத்து வியக்கிறோம். நேரே வெங்கிடாசலத்திடம் போனார். காதோடு காதாகச் சொன்னார்.

“சம்பந்தி, முதல் டிகாக்ஷன் இப்பதான் இறங்கினது. கொல்லைப் பந்தல்ல உங்களுக்குன்னு தனியா எடுத்து வச்சிருக்கேன். எல்லாருக்கும் காணாது. யாருக்கும் தெரியாம மெள்ள இறங்கி வந்துடுங்கோ.”

முதல் டிகாக்ஷன்! நம்மவரில் யார் அதற்கு மசியாதவர்? வெங்கிடாசலம் அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு, பூனைபோல் படியிறங்கினார். அடுத்து அவருடைய அண்ணா. அடுத்து மாப்பிள்ளையின் அத்தை, இடுப்புக் குழந்தையோடு மாப்பிள்ளையின் அக்கா. முறை மாறாமல், மரியாதை குறையாமல், ஒவ்வொருவர் காதிலும் கைகூப்பியபடி அதே ரகசியம். “உங்களுக்கு மட்டும்தான். மெள்ள வாங்கோ, சத்தம் வேண்டாம்.” ஒவ்வொருவரும் தனக்கு மட்டுமே கிடைத்த சலுகை என்று எண்ணி, மற்றவர்கள் கண்ணில் படாமல் அடிமேல் அடிவைத்து நழுவினார்கள். அப்படி மெதுவாக ஒரு கல்யாணக் கூட்டம் படியிறங்கினதை இந்த ஊர் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

கூட்டம் குறையக் குறையப் பாட்டும் குறைந்தது. பத்துக் குரல் நாலாயிற்று, நாலு இரண்டாயிற்று. கடைசியில் மீனாக்ஷியின் ஒற்றைக் குரல் மட்டும். பெரிய மண்டபம், வெளியே மழை, சங்கிலியைப் பிடித்தபடி தகப்பனார், அசையாமல் உட்கார்ந்த இரண்டு பேர். மேலிருந்து பொடி விழுந்துகொண்டேயிருந்தது. கங்காவின் மாலைமீதும் விழுந்தது.

“ஆத்துல மழைச் சத்தம் கேட்டாலே அப்பா கை நடுங்கும். அன்னிக்குச் சங்கிலியைப் பிடிச்ச கை கொஞ்சங்கூட நடுங்கலை. அதைப் பார்த்தப்பதான் எனக்கு உசிரே போயிடுத்து” என்று கங்கா பின்னால் எங்களிடம் சொன்னாள்.

“இப்ப எழுந்திருங்கோ. குதிக்காம” என்றார் அவர். முதலில் மாப்பிள்ளை, பிறகு மகள், பிறகு மனைவி. மீனாக்ஷி பாடிக்கொண்டே படியிறங்கினாள். எல்லாருக்கும் பின்னால் அவர்.

கீழே பந்தலில் அடுத்த ஆபத்து காத்திருந்தது. கல்யாணம் இனி இங்கேதான் என்றதும் வெங்கிடாசலத்தின் முகம் சிவந்துவிட்டது. “அடுப்படிக்குப் பக்கத்துலயா என் பிள்ளைக்கு மாங்கல்யதாரணம்? என்ன ஓய் இது, விளையாட்டா?”

“மேலே ஒழுகறது சம்பந்தி. அக்னியில தண்ணி சொட்டினா தேவலையா?” என்றார். மேலே ஒழுகியது உண்மைதான். மீதி உண்மையைச் சொல்ல அவருக்கு நெஞ்சில் தெம்பு இல்லை. சொன்னால் பெண்ணுக்கு ராசியில்லை என்று பெயர் வந்துவிடும், மாலையைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம் வேறு. காப்பி உள்ளே போயிருந்த புண்ணியமோ என்னவோ, வெங்கிடாசலம் முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தார்.

தகரப் பந்தலில் மழைச் சத்தம். சாஸ்திரிகள் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். மகளை மடியில் இருத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த அவர், கண்ணை மட்டும் மேலே மண்டபத்து ஜன்னலில் வைத்திருந்தார். திருமாங்கல்யம் மாப்பிள்ளை கைக்கு வந்த நேரம். ஜன்னல் வழியாகப் புகைபோல் ஒரு தூசி கிளம்பியதைக் கண்டார். இன்னும் ஒரு மந்திரம் பாக்கி இருந்தது.

“கெட்டிமேளம்!” என்று கத்தினார். “கெட்டிமேளம்! கெட்டிமேளம்! அடியுங்கோ, நிறுத்தாம அடியுங்கோ!”

சாஸ்திரிகள் திகைத்தார். மேளக்காரர் திகைக்கவில்லை, சொன்ன மாத்திரத்தில் தவிலில் பொழிந்துவிட்டார். தாலி கட்டும்போது எந்த அபசப்தமும் காதில் விழக்கூடாது என்றுதானே கெட்டிமேளம் வைத்தார்கள்? அந்த முழக்கத்தின் அடியில் உத்தரம் இறங்கியது. ஒருவர் காதிலும் விழவில்லை. தரை ஒரு தரம் அதிர்ந்தது அவருக்கு மட்டும் தெரிந்தது. அட்சதை போடுகிறவர்கள் போட்டுக்கொண்டிருந்தார்கள். மூன்று முடிச்சும் விழுந்தபின்தான் மேளத்தை நிறுத்தக் கை காட்டினார்.

சாப்பாடு முடிந்து, மேலே விட்டுவந்த குடையை எடுக்க வெங்கிடாசலம் மாடிப்படியில் கால்வைத்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. படியைச் சுவர் இடிபாடு பாதி மூடியிருந்தது. எட்டிப் பார்த்தார். உத்தரத்தின் ஒரு முனை தரையில் குத்தி நின்றது. அதன் அடியில் ஊஞ்சல் பலகை இரண்டாகப் பிளந்து கிடந்தது. தெருப் பக்கம் விழுந்த கல்லும் மண்ணும் நாணு மறித்து வைத்திருந்த வெற்றிடத்தில் குவிந்திருந்தன. வெங்கிடாசலம் கீழே வந்து நேரே அவரிடம் போனார்.

“இது தெரிஞ்சா எங்களை இறக்கிண்டு வந்தேள்?”

அவர் ஆமென்று தலையை ஆட்டினார்.

“உங்களைப் பேடித்தொண்டன்னு சொன்னாளே ஓய், உங்களுக்குப் பேடியே இல்லையோ?”

அப்போதுதான் நடுக்கம் பிடித்துக்கொண்டது அவருக்கு. கையிலிருந்த டம்ளர் கீழே உருண்டது. வாழைமரத்தடியில் அப்படியே உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். சம்பந்தி பக்கத்தில் உட்கார்ந்து, முறையெல்லாம் மறந்து, தன் அங்கவஸ்திரத்தால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டார்.

கேட்டீர்களா, ஐயா! அந்த விஸ்வேஸ்வரன் தாங்கள்தாம். இனி ஒளிக்க வழியில்லை, நேருக்கு நேராகவே சொல்கிறோம்.

அன்று காப்பி குடிக்கப் படியிறங்கியவர்களில் எங்களில் பலரும் உண்டு. ‘உங்களுக்கு மட்டும்தான்’ என்று தாங்கள் காதில் சொன்னதை நம்பியவர்கள் நாங்கள். அந்தக் காப்பி எங்களுக்குத் தந்த வருஷங்களில்தான் எங்கள் பிள்ளைகள் படித்தார்கள், எங்கள் பெண்கள் கல்யாணமாகிப் போனார்கள். பச்சைப்பிடி சுற்றிய கைகள் பேரக்குழந்தைகளைத் தூக்கின. மாப்பிள்ளையின் அக்கா இடுப்பில் உறங்கிய அந்தக் குழந்தை இப்போது களமசேரிப் பக்கம் பள்ளிக்கூடம் போகிறது.

தாங்கள் தைரியம் கொண்டு செய்ததல்ல அது. பயம் கொண்டு செய்தது. அத்தனை வருஷம் எங்கள் தலைக்கு மேலிருந்த ஒவ்வொரு மரத்துக்கும், ஒவ்வொரு ஓட்டுக்கும் எங்களுக்குப் பதிலாகத் தாங்கள் பயந்தீர்கள். அதனால்தான் நாங்கள் நிம்மதியாகத் தூங்கினோம், தூங்கியதோடு நில்லாமல் தங்களைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தோம்.

ஓய்வு தங்களுக்கு உடல்நலமும் உள்ளநிம்மதியும் ஓங்கத் தரட்டும்! மீனாக்ஷி மாமியோடு நூறாண்டு நலமாய் வாழ்க! மழை பெய்தால் இனி மழையை மட்டும் பார்க்கும் பாக்கியம் தங்களுக்கு வாய்க்கட்டும்! தாங்கள் தூங்கும் அறைக்கு மேலே ஓடு ஒழுகாதிருக்கட்டும், உத்தரம் உளுக்காதிருக்கட்டும்!

எங்களுக்காக ஒன்று மட்டும் வேண்டிக்கொள்ளுங்கள். வருகிற மழைக்கு எங்களில் யாராவது ஒருத்தருக்காவது சோறு இறங்காமல் போகவேண்டும். பயப்பட ஆளில்லாத வீட்டில் நாங்கள் தைரியமாக இருந்துவிடுவோமோ என்றுதான், ஐயா, எங்களுக்குப் பயமாக இருக்கிறது.

இங்ஙனம்,
தங்கள் பயத்தின் நிழலில் பத்திரமாய் இருந்த
மராமத்துப் பிரிவு ஊழியர்களும் மண்டபக் காவல் நாணுவும்,
தமிழர் தர்ம சபை, மட்டாஞ்சேரி.
1986, வைகாசி.